ஜன்னலுக்கு மேலே ஏறிய குழாய்

சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் பைப் மூட்டில் சுற்றுகிற டெஃப்லான் டேப்பை வைத்துக்கொண்டு அலைந்த என் அன்பு ஆரோக்கியம் அண்ணா,

நீ போனது தவக்காலத்தில். இப்போது அஞ்செட்டிப் பக்கம் நல்ல மழை. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற உன் பாறை நனைந்து கறுத்துக் கிடக்கிறது. பாறை இடுக்கில் ஊறுகிற தண்ணீர் நீ கட்டிய தொட்டியை நிரப்பிவிட்டு வழிந்து ஓடுகிறது. குளியலறையில் தண்ணீர் வருகிறது, பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்கும் வருகிறது. சமையலறைக் குழாயில் மட்டும் நான் வந்தபோது ஒரு சொட்டு வரவில்லை. இதை உன்னிடம் சொல்லவே பயமாக இருக்கிறது. கேட்டதும் ஸ்பேனரைத் தேடிக்கொண்டு அங்கிருந்து கிளம்பிவிடுவாய்.

கிளம்பி வந்தால் சந்தோஷம்தான். எனக்கும் உன்னிடம் கேட்க ஒரு விஷயம் இருக்கிறது. ஆனால் எடுத்த எடுப்பில் கேட்டால் உனக்குப் புரியாது, நடந்ததை முதலில் சொல்கிறேன்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் பத்து நாள் லீவு போட்டுவிட்டு ஓசூரிலிருந்து இங்கே வந்தேன். காரணம் உன் மகன் ஜெரோம். பெங்களூரிலிருந்து போன் செய்து ஒரே சண்டை. "அத்தை, நீங்களாவது சொல்லுங்க. அந்த முட்டியை வெச்சுக்கிட்டு அம்மா பாத்ரூம்ல இருந்து கிச்சனுக்குக் குடம் தூக்குறாங்க. பிளம்பரைக் கூட்டிட்டு வந்தா தொட விட மாட்டேங்குறாங்க. கிறிஸ்துமஸுக்குள்ள பைப்பு சரியாவணும். இல்லன்னா வீட்டைப் பூட்டிட்டு என்கூட வந்துடணும், ஆமா."

பூட்டினால் பூட்டினதுதான், அண்ணா. காட்டை ஒட்டிய வீடு, ஆள் இல்லாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் புதரேறிவிடும். அண்ணிக்கோ பெங்களூரில் நாலாவது மாடியில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்கிற வாழ்க்கை ஆகாது. மகன் வீட்டுக்குப் போனால் இரண்டாம் நாளே மூஞ்சி சுண்டிப் போகும் என்பது உனக்கும் தெரியும். ஆக, பிலோமினா அண்ணி உன் வீட்டில் இருப்பதா வேண்டாமா என்பதே ஒரு குழாயில் வந்து நின்றது.

நான் வந்த மறுநாளே தேன்கனிக்கோட்டையிலிருந்து பிளம்பர் மஞ்சுவை வரவழைத்தேன். வீட்டில் கன்னடம், வெளியே தமிழ், கோபம் வந்தால் இரண்டும் என்று பேசுகிற பையன்தான், ஆனால் வேலைக்காரன். வந்தவன் சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தான், மூடினான்.

"அக்கா, நீரு பர்த்தா இல்லா, தண்ணி வரல. எங்கியோ அடச்சிக்கிச்சு. வெட்டித்தான் பாக்கணும்" என்றான்.

அண்ணி கரண்டியோடு வந்து நின்றார். "வெட்டுற வேலையெல்லாம் வேணாம். அவரு கையால போட்ட பைப்பு அது."

"அப்ப ஒரு சின்ன மோட்டாராவது போடலாம்மா."

"மோட்டார் இல்லாம தண்ணி வரணும்னுதான இந்த வீட்டையே இங்க கட்டுனாரு? நீ டீ குடிச்சிட்டுப் பொறப்படு சாமி."

எனக்கு வந்ததே கோபம். "அண்ணி, பெங்களூருக்கும் போக மாட்டீங்க, பைப்பையும் தொட விட மாட்டீங்க. அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க?" என்று கத்தினேன். "குடம் இருக்குது, கை இருக்குது. ஒனக்கென்ன வந்துச்சு?" என்று சொல்லிவிட்டு அவர் புளிக்குழம்பைக் கிண்டப் போய்விட்டார். பாசம் தலைக்கேறிவிட்டது, உன் ஞாபகமாகப் பைப்பைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

சரி, வெட்டத்தானே கூடாது, பார்க்கக் கூடாதா என்று நானே இறங்கினேன். சிரிக்காதே. முப்பது வருடம் டிரிப் பாட்டில் மாட்டிய கை இது. பாட்டில் மேலே, நோயாளி கீழே, நடுவில் ஒரு டியூப். இடையில் கரண்டும் இல்லை, மோட்டாரும் இல்லை. டிரிப் இறங்காவிட்டால் என்ன பார்ப்போம்? மடங்கியிருக்கிறதா, காற்று நிற்கிறதா, பாட்டில் போதுமான உயரத்தில் தொங்குகிறதா என்று பார்ப்போம். உன் வீடும் எனக்கு ஒரு பெரிய டிரிப்பாகத்தான் தெரிந்தது.

தொட்டியின் வாயில் நீ வைத்த வலையைக் கழற்றிக் கழுவினேன். ஒரு சருகுகூட இல்லை. பாறையிலிருந்து இறங்கும் மெயின் பைப்பைப் பிடித்துக்கொண்டே வீட்டுப் பின்சுவர் வரை வந்தேன். எங்கும் கசிவில்லை. அப்புறம் ஒரு ஸ்பூனை எடுத்துப் பைப்பைத் தட்டிக்கொண்டே போனேன். தண்ணீர் நிற்கிற இடத்தில் மொத்தென்று கேட்டது. சமையலறைக்குப் பிரிகிற இடத்தில் பைப் நேராக மேலே ஏறுகிறதே, அதன் உச்சியில் மட்டும் ணங்கென்று காலியாகக் கேட்டது.

அங்கே நின்று அண்ணாந்து பார்த்தபோதுதான் உன் வேலை எனக்கே விநோதமாகப் பட்டது. மெயினிலிருந்து பிரிகிற ஒவ்வொரு கிளையையும் நீ மேல்பக்கம் எடுத்திருக்கிறாய். ஒவ்வொன்றும் கொஞ்சம் ஏறி, குடைப்பிடி மாதிரி வளைந்து, அதற்கப்புறம் கீழே இறங்குகிறது. குளியலறை வளைவு சின்னது. கல்லுக்குப் போகிற வளைவும் சின்னது. சமையலறைக் கிளை மட்டும் ஜன்னலுக்கு மேலே ஏறிப் போய், அந்தப் பக்கம் சிங்க்குக்கு இறங்குகிறது. கீழே வர வேண்டிய தண்ணீரை எதற்கு மேலே அனுப்பினாய்? அழகுக்கா? பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ அழகுக்காக ஒரு ஆணிகூட அடிக்காத ஆளாயிற்றே!

இரண்டு நாள் இதே யோசனை. அண்ணியிடம் கேட்டால், "அவருக்குத் தெரியாதா?" என்ற ஒரே பதில்தான். எப்போதிலிருந்து தண்ணீர் வரவில்லை என்று கேட்டேன். "கொஞ்ச நாளாத்தான்" என்றார். கொஞ்ச நாள் என்றால் மழைக்கு முன்னாலா பின்னாலா என்று விடாமல் கேட்டதற்கு, "நீ என்ன போலீஸா?" என்று எழுந்து போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை உன் கம்பெனி சிநேகிதர் வெங்கடேசப்பா அண்ணியைப் பார்க்க வந்தார். அதே மெயின்டனன்ஸ், உன்னோடு ஒரே ஷிஃப்டில் கிடந்த மனுஷன். நான் பின்சுவருக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். பைப்பைப் பார்க்கிறதற்கு முன்னால் பெயின்ட்டைப் பார்த்தார்.

"ஏம்மா இதுக்கு நீலம் அடிச்சிருக்கான்?"

"தண்ணின்னா நீலம்தானேங்க?"

"அய்யோ ராமா! கம்பெனில தண்ணி லைனுக்குப் பச்சைம்மா. நீலம் காத்து லைனுக்கு." அப்புறம்தான் வளைவுகளைப் பார்த்தார். பார்த்தவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார் பார், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "ஆரோக்கியம், ஆரோக்கியம்... வீட்டுக்கும் காத்து லைனே போட்டுட்டியேப்பா!"

அவர் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. கம்ப்ரசரில் காற்றை அழுத்தினால் அதிலுள்ள ஈரம் தண்ணீராகிப் பைப்பின் அடியில் தேங்குமாம். கிளையை அடியிலிருந்து எடுத்தால் அந்தத் தண்ணீர் மிஷினுக்குள் போய்த் துருப்பிடிக்குமாம். அதனால் எப்போதும் மேல்பக்கம் எடுத்து, வளைத்து இறக்க வேண்டும். காற்று ஏறுமா இறங்குமா என்ற கவலையே இல்லை, கம்ப்ரசர் தள்ளிவிடும். வழியில் ஜன்னல் இருந்தால் மேலே தூக்கிவிடு, உத்தரம் இருந்தால் சுற்றிக்கொண்டு போ, அவ்வளவுதான். வாழ்நாள் முழுக்கப் பைப்பில் தண்ணீர் வராமல் பார்த்துக்கொண்ட கையால் நீ தண்ணீருக்குப் பைப் போட்டிருக்கிறாய், அண்ணா!

சிரித்து முடித்த வெங்கடேசப்பா ஒரு வளைவைக் கையால் தடவிப் பார்த்தார். "நானா இருந்தாலும் இப்படித்தாம்மா போட்டிருப்பேன். கை தானா போவும்" என்றார்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. குளியலறைக்கும் இதே வளைவுதானே, அங்கே மட்டும் எப்படி வருகிறது? கீழ்ப்புறம் வீடு கட்டுகிற மேஸ்திரியிடம் மட்டம் பார்க்கிற டியூபைக் கேட்டு வாங்கினேன். கண்ணாடி மாதிரி டியூப், உள்ளே தண்ணீர். இரண்டு முனையும் எத்தனை தூரத்தில் இருந்தாலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். மஞ்சுவைத் திரும்பக் கூப்பிட்டு ஒரு முனையைத் தொட்டியில் தண்ணீர் வழிகிற வாயில் பிடிக்கச் சொன்னேன். அதற்குமேல் ஒரு நாளும் தண்ணீர் ஏறாது, இல்லையா? நான் ஸ்டூல் போட்டு ஏறி, மறுமுனையைச் சுவரில் வைத்துப் பார்த்தேன்.

குளியலறை வளைவு தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தது, அதனால் வருகிறது. சமையலறை வளைவு மட்டத்துக்கு மேலே நாலு விரல். வெறும் நாலு விரல், அண்ணா! தொட்டியை இன்னும் இரண்டு வரிசை கல் உயர்த்திக் கட்டியிருந்தால் தப்பித்திருப்பாய். "நோடு மஞ்சு, பாரு, அடைப்பே இல்ல!" என்று ஸ்டூலிலேயே குதித்தேன். ஏதோ கஷ்டமான நோயைக் கண்டுபிடித்த டாக்டரம்மா மாதிரி எனக்கு ஒரே பெருமை.

ஸ்டூலிலிருந்து இறங்கும்போதுதான் அது உறைத்தது.

தொட்டி ததும்பி வழியும்போதே நாலு விரல் குறைகிறது என்றால், இந்தக் குழாயில் தண்ணீர் நின்று போகவில்லை. வந்ததே இல்லை. வீடு கட்டிய நாளிலிருந்து ஒரு நாளும் வந்திருக்க முடியாது. அப்படியானால் உன் கட்டிலருகே நான் காதால் கேட்ட தண்ணீர்ச் சத்தம் என்ன?

நீயும் கேட்டாயே. வீடு மந்திரித்த அன்று ஃபாதர் தீர்த்தம் தெளித்து முடித்ததும் குளியலறைக் குழாயைத் திறந்து காட்டினாய், எல்லோரும் கை தட்டினோம். சமையலறைக் குழாயைத் திறக்கும் முன்னாலேயே மயங்கி விழுந்தாய். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது உனக்குக் கட்டில்தான். சமையலறையை ஒட்டின அறையில் படுத்துக்கொண்டு தினமும் காலையில் ஒரே கேள்வி. "பிலோமி, கிச்சன்ல தண்ணி வருதா?" "வருதுங்க." "தொற, கேப்போம்." உடனே சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும். சனி ஞாயிறு உனக்கு ஊசி போட வரும்போதெல்லாம் நானும் கேட்டிருக்கிறேன். நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்பாய். உன் முகத்தில் வலி கொஞ்சம் இறங்கின மாதிரி இருக்கும்.

நேராகச் சமையலறைக்குப் போனேன். அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அண்ணி, இந்தக் கொழாயில எப்பவுமே தண்ணி வந்ததில்ல. அப்ப அந்தச் சத்தம் என்ன?"

அவர் கீரையை முறத்தில் வைத்தார். என்னைப் பார்க்கவே இல்லை. முட்டியில் கை ஊன்றி எழுந்து, குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு, குழாயின் வாய்க்கு நேராகத் தூக்கிப் பிடித்து, சிங்க்கில் மெதுவாகச் சாய்த்தார்.

அதே சத்தம்.

"அவரு ஆஸ்பத்திரியில இருக்கையிலயே தொறந்து பாத்துட்டேன்" என்றார். "ஒரு பொட்டு வரல. வந்ததும் மொத கேள்வி அதான் கேட்டாரு. முடியாம கெடக்கிற மனுசங்கிட்ட, நீ கடைசியா செஞ்ச வேலை தப்பாப் போச்சுன்னு எப்பிடிச் சொல்றது? வாய் தானா வருதுங்கன்னுடுச்சு. தொறன்னாரு. நான் என்ன பண்ணுவேன்?"

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"ஒங்கிட்டயா? ஒன் வாயி அஞ்செட்டி தாண்டிக் கேக்கும்."

"சரி, இப்பதான் அண்ணன் இல்லையே. இப்ப வெட்டி மாத்துறதுக்கு என்ன?"

"வெட்டுனா, அவரு போட்டது தப்புன்னு ஊருக்கே தெரிஞ்சுடும்ல" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன், எதற்கு மறைப்பது? நானும் ஜெரோமும் பேசின பேச்சையெல்லாம் விழுங்கிக்கொண்டு, நீ இல்லாத பிறகும் குடம் தூக்கியே உன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்த மனுஷியைப் பிடிவாதக்காரி என்று திட்டியிருக்கிறேனே.

அப்புறம் வெங்கடேசப்பா சொன்னதைச் சொன்னேன். நீலம் காற்றுக்கு என்பதையும், மேலே எடுப்பது கம்பெனிப் பழக்கம் என்பதையும், அவர் கையும் அப்படியே போயிருக்கும் என்பதையும். அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார். "அப்ப அவரு வேலை தெரியாமப் பண்ணல?" "இல்லீங்க அண்ணி. ரொம்பத் தெரிஞ்சதால பண்ணினது." கீரை முறத்தைத் தள்ளி வைத்தார். "சரி, அந்தப் பையன வரச் சொல்லு" என்றார்.

மஞ்சு வெளியேதான் நின்றிருந்தான். மெயினின் அடிப்பக்கத்திலிருந்து புதிதாக ஒரு கிளை எடுத்து, ஜன்னலுக்குக் கீழே ஒட்டிக்கொண்டு போய், சிங்க்கில் சேர்த்தான். ஜன்னலுக்கு மேலே போன உன் வளைவு கீழே வந்தது. அதை எங்கே வைக்க என்று கேட்டான். "காயலான் கடைக்குப் போடுப்பா, துருப்பிடிச்சா கால்ல குத்தும்" என்றார் அண்ணி. நான் வாயைப் பிளந்தேன்.

சாயந்திரம் அண்ணியே குழாயைத் திறந்தார். முதலில் புஸ்ஸென்று காற்று. அப்புறம் இருமி இருமித் துப்பியது. பைப் ஒரு தடவை சுவரோடு அதிர்ந்தது. பிறகு சன்னமாக, நூல் பிடித்த மாதிரி தண்ணீர் இறங்கி, ஸ்டீல் சிங்க்கில் சடசடவென்று அடித்தது. "பந்து, பந்து! வந்துடுச்சு!" என்று மஞ்சு வெளியே கத்தினான். நான் கை தட்டினேன். அண்ணி தட்டவில்லை. குழாய் மேல் கையை வைத்தபடி நின்றார்.

"ஸ்டெல்லா, இந்தச் சத்தம் வேற மாதிரி இருக்குதே."

ஆமாம், வேறு மாதிரிதான் இருந்தது. சொம்பிலிருந்து ஊற்றுகிற சத்தம் களக்களக்கென்று கனமாக விழுந்து சட்டென்று தீரும். இது இடைவிடாமல் சீறியது. பக்கத்து அறையில் நின்று கேட்டால்கூட யாரும் இரண்டையும் ஒன்றென்று சொல்ல மாட்டார்கள். நான் ஏமாந்திருக்கிறேன், ஆனால் எனக்கு என்ன தெரியும் பைப்பைப் பற்றி?

"கம்பெனியில அத்தன மிஷின் ஓடுற எடத்துல, ஊசிமொன ஓட்டையில காத்து கசிஞ்சாலும் நின்ன எடத்துலயே காதால கண்டுபுடிப்பாரும்பாங்களே" என்றார் அண்ணி மெதுவாக. அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "இந்தச் செவுரு எத்தன கனம் இருக்கும்?"

நான் விரலால் சுவரைத் தட்டிப் பார்த்தேன்.

"ஒரு சொம்பு ஊத்தி முடிக்கறதுக்குள்ள, 'போதும் பிலோமி, மூடு'ன்னுடுவாரு. ஒரு நாளும் ரெண்டாவது சொம்பு மொள்ள விட்டதில்ல. தண்ணிய மிச்சம் புடிக்கிறாருன்னு நெனச்சேன்." தன் முட்டியைக் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். "கள்ளன்" என்றார். "கள்ளப் பய மனுசன்!" சிரிக்க ஆரம்பித்தார், அது அழுகையாக மாறியது, மறுபடி சிரிப்பானது. குழாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் மூடத் தோன்றவில்லை.

இதுதான் அண்ணா நான் கேட்க வந்தது. உனக்குத் தெரியுமா? முதல் நாளே தெரிந்துவிட்டதா, போகப்போகத் தெரிந்ததா? தெரிந்தும் ஏன் தினமும் திறக்கச் சொன்னாய்? கேட்பதை நிறுத்தினால், தன் பொய் உனக்குத் தெரிந்துவிட்டதென்று அண்ணி கண்டுபிடித்துவிடுவார் என்றா? அவர் உனக்காக ஊற்றிக்கொண்டிருந்தார். நீ அவருக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாயா? ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு புருஷனும் பெண்டாட்டியும் என்ன நாடகமடா ஆடினீர்கள்!

ஜெரோமுக்கு போனிலேயே குழாயைத் திறந்து காட்டியாயிற்று. அண்ணி எங்கும் போகவில்லை, இங்கேதான் இருப்பார். அந்த மட்டும் நிம்மதியாக இரு.

கல்லறைத் திருநாளுக்கு அண்ணியை நானே உன்னிடம் அழைத்து வருகிறேன், இது சத்தியம். பூவை வைத்துவிட்டு, மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு நான் கல்லறைத் தோட்ட வாசல் பக்கம் தள்ளிப் போய் நின்றுகொள்வேன். அவரும் உன்னை இதே ஒரு கேள்விதான் கேட்பார். இந்தத் தடவையாவது "போதும் பிலோமி" என்று சொல்லிவிடாதே. அவர் கேட்டு முடிக்கும் வரை கேள்.

எந்நாளும் உன்னோடு சண்டை போட்டு, இப்போது அண்ணி பக்கம் சேர்ந்துவிட்ட,
உன் ஒரே தங்கச்சி ஸ்டெல்லா